கேள்வி பதில்: பதவிக்கு ரோமானியர் போட்ட கடிவாளம்

எங்கள் ஆலயத் தலைவர் நேர்மையானவர். நான்காம் தவணையும் அவரே இருக்கட்டும் என்கிறார்கள். பழைய ரோமில் இதற்கு இடம் கொடுத்திருப்பார்களா?
(வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

கொடுத்திருக்க மாட்டார்கள். அவர் நல்லவர் என்பதை ஒப்புக்கொண்டே மறுத்திருப்பார்கள். குடியரசுக் கால ரோமில் உச்சப் பதவி கான்சல். ஒரே நேரத்தில் இருவர் இருப்பார்கள், அதுவும் ஓராண்டுக்குத்தான். ஒருவர் முடிவை மற்றவர் தடுக்கலாம். நம் சங்கங்களில் காசோலைக்கு இரண்டு கையெழுத்து கேட்பதும் இதே கணக்குதான். பதவியில் இருக்கும் கான்சல்மீது வழக்குத் தொடுக்க முடியாது. இறங்கிய மறுநாளே தொடுக்கலாம். மீண்டும் கான்சலாகப் பத்தாண்டு இடைவெளி வேண்டும் என்றும் சட்டம் இருந்தது. பெரும் நெருக்கடி வந்தால் சர்வாதிகாரி ஒருவரை நியமிப்பார்கள். அவருக்கும் ஆறு மாதமே. கி.மு. 458-இல் வயலிலிருந்து அழைத்து வரப்பட்ட சின்சினாட்டஸ், போரை முடித்துவிட்டுப் பதினாறாம் நாளே பதவியைத் துறந்தார் என்கிறார் வரலாற்றாசிரியர் லிவி.

இந்த ஏற்பாடு எங்கே கெட்டது? ‘இப்போது இவரை விட்டால் வேறு ஆளில்லை’ என்ற பேச்சில்தான். வடக்கிலிருந்து படையெடுப்பு வரும் என்ற அச்சத்தில் தளபதி மாரியுஸைக் கி.மு. 104 முதல் 100 வரை ஐந்தாண்டும் தொடர்ந்து கான்சல் ஆக்கினார்கள். அச்சம் உண்மையானது, அவர் வென்றும் காட்டினார். ஆனால் விதியை வளைக்க முடியும் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோனது. கி.மு. 82-இல் தளபதி சுல்லா கால வரம்பே இல்லாத சர்வாதிகாரி ஆனார். கி.மு. 44-இல் சீசர் வாழ்நாள் சர்வாதிகாரி ஆனார். அவ்வாண்டு மார்ச் 15-இல் அவரைக் குத்திக் கொன்றார்கள். சட்டப்படி பதவியிலிருந்து நீக்க வழியில்லாமல் போனதும் கத்தியை எடுத்துவிட்டார்கள்.

உங்கள் ஆண்டுக் கூட்டத்தில் தவணை வரம்பை இப்போதைய தலைவர்மீது குறை சொல்லும் தீர்மானமாகக் கொண்டுவந்தால் தோற்றுவிடும்; கூட்டம் அவர் பக்கம் சாய்ந்துவிடும். இனி வரும் எல்லாருக்கும் பொருந்தும் விதித் திருத்தமாகக் கொண்டுவாருங்கள். பதவி விலகிய பின்னும் கணக்குக் கேட்க வழி இருக்கிறதா என்பதையும் அதே திருத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ், ‘நீ வெறும் மனிதன்தான்’ என்று காதில் ஓத ஒரு வேலையாளை வைத்திருந்தார் எனப் புலனத்தில் ஒரு செய்தி வருகிறதே, உண்மையா?
(வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு)

பழைய நூல்களில் அப்படி இல்லை. வேறொரு சடங்கை யாரோ அவர் தலையில் கட்டிவிட்டார்கள். போரில் வென்ற தளபதி நான்கு குதிரை பூட்டிய தேரில் ரோம் நகருக்குள் ஊர்வலமாக வருவார். பின்னால் நிற்கும் அடிமை அவர் தலைக்குமேல் பொன் மகுடத்தைப் பிடித்திருப்பான். அப்போது, ‘திரும்பிப் பார், நீ மனிதன் என்பதை மறவாதே’ என்று தளபதியின் காதில் சொல்லப்படுவதாகக் கி.பி. 200-ஐ ஒட்டி எழுதிய கிறித்தவ எழுத்தாளர் தெர்துல்லியன் குறிப்பிடுகிறார்.

அந்த ஊர்வலத்தில் அதைவிட வலுவான ஒன்று உண்டு: படைவீரர்கள் பாடிய பாட்டு. தங்கள் தளபதியையே கிண்டலடிக்க அன்றைக்கு அவர்களுக்கு உரிமை இருந்தது. கி.மு. 46-இல் சீசரின் வீரர்கள், ‘ஊராரே, மனைவிமாரைக் காத்துக்கொள்ளுங்கள், வழுக்கைத்தலைச் சோரனைக் கூட்டி வருகிறோம்’ என்று பாடிக்கொண்டே தேரின் பின்னால் வந்தார்கள். ஒருவன் முணுமுணுத்தால் அடக்கிவிடலாம். படையே பாடும்போது யார் வாயைப் பொத்துவது?

நினைவூட்டும் அந்த வேலையை மார்க்கஸ் தாமே செய்துகொண்டார். போர் முகாமிலும் எழுதிய தம் குறிப்பேட்டில், ‘சீசராக மாறிவிடாதே, அந்தச் சாயம் உன்மேல் ஏறாமல் பார்த்துக்கொள்’ என்று தமக்கே எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறார். இங்கே சீசர் என்பது பேரரசர்களின் பட்டப்பெயர்.

புகழுக்கு ஆசைப்படுவது தவறா?
(வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு)

ரோமானியரிடம் இதற்கு ஒரே பதில் இல்லை. ‘எனக்கு ஏன் சிலை வைத்தார்கள் என்று கேட்பதைவிட, ஏன் வைக்கவில்லை என்று கேட்பதே எனக்குப் பிடிக்கும்’ என்றார் அரசியல்வாதி மூத்த காத்தோ. நாவலர் சிசரோவோ, தம் கான்சல் பதவிக்கால வரலாற்றை உண்மை அனுமதிப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே புகழ்ந்து எழுதும்படி நண்பர் லுக்கேயுஸுக்குக் கடிதம் போட்டார். நான் காத்தோ பக்கம்.

பதவி உயர்வுக்குப் பிறகு எல்லார்மேலும் எரிந்து விழுகிறேன். ரோமானியர் இதற்கு ஏதாவது பயிற்சி சொல்லியிருக்கிறார்களா?
(வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்)

செனகா சொல்லியிருக்கிறார். பேரரசன் நீரோவுக்கு ஆசானாக இருந்து, கடைசியில் கி.பி. 65-இல் அவன் ஆணையாலேயே உயிரை மாய்த்துக்கொண்டவர். அதிகாரமும் கோபமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். இரவு விளக்கை அகற்றி, மனைவியும் பேச்சை நிறுத்திய பிறகு, அன்றைய நாள் முழுவதையும் அவர் விசாரிப்பார். செக்ஸ்தியுஸ் என்ற தத்துவவாதியிடம் கற்ற கேள்விகள் மூன்று: இன்று எந்தக் குறையை ஆற்றினாய்? எந்தத் தீமையை எதிர்த்து நின்றாய்? எதில் தேறினாய்?

‘இன்று கோபப்பட்டேன்’ என்று பொத்தாம்பொதுவாக முடித்தால் ஒன்றும் நடக்காது. செனகா ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொள்வார். ஒருவனைத் தேவைக்குமேல் கடிந்துகொண்டாய், அதனால் அவன் திருந்தவில்லை, புண்பட்டான். இனி நீ சொல்வது உண்மையா என்பதோடு, கேட்பவன் அதைத் தாங்குவானா என்றும் பார். அவர் விசாரணை இப்படித்தான் போகும். நீங்களும் யாரிடம், எந்தச் சொல்லால் என்பது வரை போங்கள். எதிராளியின் தவற்றைப் பட்டியலிடத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள், அது வழக்காடுவதாகிவிடும். தன்னையே வறுத்தெடுப்பது அடுத்த கோளாறு. செனகா தமக்குச் சொல்லிக்கொண்டது, ‘இனி இப்படிச் செய்யாதே, இம்முறை மன்னிக்கிறேன்’ என்பதுதான். யாரிடமாவது வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தால், அவர் பெயரைக் குறித்துவைத்து, காலையில் வேலை தொடங்குமுன் போய்ப் பேசிவிடுங்கள்.