த்ரெட்டுகளைக் கூட்டியதும் கியூ மந்தமாவது ஏன்?

வாசகர் கேள்வி: சி பிளஸ் பிளஸ் நிரலில் வேலைகளை ஒரே கியூவில் (வரிசையில்) போட, பல த்ரெட்டுகள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் செயல் இழைகள்) அவற்றை எடுத்துச் செய்கின்றன. த்ரெட்டுகளை 4-இலிருந்து 16 ஆக்கியதும் வேகம் குறைந்துவிட்டது. பூட்டே (லாக்) இல்லாமல் இயங்கும் லாக்-ஃப்ரீ கியூவுக்கு மாறலாமா?

இப்போதைக்கு மாற வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் கியூவைத் தொடவிடும் லாக்கான மியூடெக்ஸை, போட்டியில்லாதபோது பூட்டித் திறக்கச் சில பத்து நானோவினாடிகளே ஆகும். லினக்ஸில் அதற்கு இயங்குதளத்தின் மையமான கெர்னலை அழைக்க வேண்டிய தேவைகூட இல்லை. பதினாறு த்ரெட்டுகள் ஒரே லாக்குக்காக முட்டி மோதும்போது, காத்திருப்பவை உறங்கவைக்கப்பட்டு மீண்டும் கெர்னலால் எழுப்பப்படுவதால் அந்த நேரம் மைக்ரோவினாடிகளாக வளர்கிறது.

ஆகவே லாக்கைத் தொடும் தடவைகளைக் குறையுங்கள். ஒவ்வொரு த்ரெட்டும் ஒரு வேலையை எடுக்க ஒருமுறை பூட்டுவதற்குப் பதிலாக, ஒரே பூட்டலில் 32 வேலைகள் வரை தன் சொந்தப் பட்டியலுக்கு நகர்த்திக்கொண்டு, லாக்கை விட்டபின் அவற்றைச் செய்யட்டும். கியூ நிறைந்திருக்கும் நேரத்தில் பூட்டும் எண்ணிக்கை முப்பத்திரண்டில் ஒரு பங்காகிவிடும். வேலை போடும் பக்கத்திலும் இவ்வாறே சேர்த்துப் போடலாம். நினைவக ஒதுக்கீடு, பதிவுக் கோப்பில் (log) எழுதுவது, பழைய பொருள்களை அழிப்பது ஆகிய எதுவும் பூட்டுக்குள் இருக்கக் கூடாது. ஒரு வேலையைப் போட்டுவிட்டு உறங்கும் அத்தனை த்ரெட்டுகளையும் எழுப்பாதீர்கள்; ஒன்றை எழுப்பினால் போதும்.

லாக்-ஃப்ரீ நூலகங்களை விற்க வருவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவர்கள் காட்டும் வரைபடங்களில் வேலை பெரும்பாலும் வெறும் எண்ணாக இருக்கும். எத்தனை த்ரெட்டுகளை வைத்து அளந்தார்கள் என்பது அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும். லாக்-ஃப்ரீ என்பது ஏதேனும் ஒரு த்ரெட்டாவது எப்போதும் முன்னேறும் என்ற உத்தரவாதமே தவிர, வேகத்துக்கான உத்தரவாதம் அன்று. பதினாறு த்ரெட்டுகளும் ஒரே சுட்டியை (pointer) மாற்ற முயன்றால், அது இருக்கும் கேஷ் லைன் (செயலியின் வேக நினைவகமான கேஷில் ஒன்றாக நகரும் சிறு துண்டு) செயலியின் கோருக்குக் கோர் அலைந்துகொண்டே இருக்கும். ஆய்வாளர்கள் மைக்கேலும் ஸ்காட்டும் 1996-இல் வெளியிட்ட புகழ்பெற்ற லாக்-ஃப்ரீ கியூவும் இதற்கு விலக்கன்று.

உண்மையான விதிவிலக்கு ஒன்று உண்டு. போடுவது ஒரே த்ரெட், எடுப்பதும் ஒரே த்ரெட் என்றால், வட்ட வடிவ அரே ஒன்று லாக் இல்லாமலே மிக வேகமாக ஓடும். ஏனெனில் எழுதுமிடத்தின் எண்ணைப் போடுபவர் மட்டுமே மாற்றுகிறார், படிக்குமிடத்தின் எண்ணை எடுப்பவர் மட்டுமே மாற்றுகிறார். இரண்டையும் அட்டாமிக்காக (பாதியில் குறுக்கிட முடியாதபடி மாறும் மாறியாக) அறிவித்து, தனித்தனிக் கேஷ் லைன்களில் வையுங்கள். இன்றைய எக்ஸ்86 செயலிகளில் ஒரு லைன் 64 பைட். அருகருகே வைத்தால், ஒருவர் எழுதும்போதெல்லாம் மற்றவரின் கேஷ் பிரதி செல்லாததாகிவிடும். பின்னாளில் யாரேனும் போடவோ எடுக்கவோ இரண்டாவது த்ரெட்டைச் சேர்த்தால், பிழைச் செய்தி எதுவும் வராமலே தரவு சிதையும் என்பதால், இந்த நிபந்தனையை நிரலிலேயே எழுதி வையுங்கள்.

வேகம் வேண்டுமென்றால் த்ரெட்டைக் கூட்டு என்பதையே பயிற்சி வகுப்புகளும் மேலாளர்களும் ஓயாமல் சொல்கிறார்கள். காத்திருப்பை அளக்கச் சொல்பவர் மிகக் குறைவு என்பது எனக்குப் பெரும் ஆதங்கம். பர்ஃப் (perf) போன்ற, நிரலின் வேகத்தை அளக்கும் கருவியைக் கொண்டு காத்திருப்பை முதலில் பாருங்கள். த்ரெட் எண்ணிக்கையைக் கோர்களின் எண்ணிக்கைக்கு இறக்கி, தொகுதியாக எடுக்கும் மாற்றத்தைச் செய்து, மீண்டும் அளந்து பாருங்கள். அதன் பிறகும் நெரிசல் நீடித்தால், கியூவைத் த்ரெட்டுக்கு ஒன்றாகப் பிரித்து, தன்னுடையது காலியானவர் பிறரிடமிருந்து எடுக்கும்படி அமையுங்கள்.