பச்சை ஒளியின் வினைத்திறன்: வாசகர் கேள்வியும் பதிலும்

மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் இம்முறை வந்த கடிதங்களுள் எல்.ஈ.டி. விளக்குகளைப் பற்றியவை, அவற்றுள்ளும் பச்சை நிறத்தைப் பற்றியவை, ஒன்றையொன்று தொட்டுச் செல்வனவாக இருந்தமையால் அவற்றை ஓரிடத்தில் சேர்த்துத் தருகிறோம்.

கேள்வி (ஹட்டன்): எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு மின்விளக்குச் சோடனை செய்து வருகிறேன். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே அளவு ஓட்டத்தில் எரியவிட்டால் பச்சைதான் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் மூன்றிலும் வினைத்திறன் குறைந்தது பச்சைதான் என்று வாசித்தேன். எது சரி?

பதில்: இரண்டும் சரி. நீங்கள் அளப்பது கண்ணால். வினைத்திறனைக் கணிப்பவர்கள் அளப்பது, உள்ளே சென்ற மின்வலுவில் எத்தனை பங்கு ஒளியாக வெளியே வந்தது என்பதை. மனிதக் கண் 555 நனோமீற்றர் அலைநீளமுள்ள மஞ்சட்பச்சை ஒளிக்கே மிகக் கூடுதலாக உணர்வுடையது. அந்த அலைநீளத்தில் ஒரு வாற்று ஒளி 683 லூமென் ஆகும். சோடனைகளில் வரும் 525 நனோமீற்றர்ப் பச்சையில் ஒரு வாற்று ஏறத்தாழ 540 லூமெனாகவும், 470 நனோமீற்றர் நீலத்தில் அதே ஒரு வாற்று 60 லூமென் அளவாகவும் நமக்குத் தெரிகின்றது. அதாவது பச்சைக்குக் கண் ஒன்பது மடங்கு சலுகை கொடுக்கிறது. தரமான நீல எல்.ஈ.டி. தான் பெறும் வலுவில் அறுபது, எழுபது சதவீதத்தை ஒளியாக்க, பச்சை அதில் பாதியளவையே எட்டினாலும், நம் பார்வைக்குப் பச்சையே வென்றுவிடுகிறது.

கேள்வி (பண்டாரவளை, உயர்தர மாணவி): பாடசாலை ஆய்வுகூடத்தில் பல்மானியால் அளந்தபோது சிவப்பு எல்.ஈ.டி.க்குக் குறுக்கே 1.9 வோல்ட், நீலத்துக்கு 3.0 வோல்ட், பச்சைக்கும் 3.0 வோல்ட் வந்தது. பழைய பெட்டியில் கிடந்த இன்னொரு பச்சை 2.2 வோல்ட் மட்டுமே காட்டியது. போட்டோனின் சக்தி நீலத்தை விடப் பச்சைக்குக் குறைவு என்றால் வோல்ட்டளவும் குறைய வேண்டாமா?

பதில்: அருமையான அவதானம், உங்கள் ஆசிரியரிடம் அந்தப் பழைய எல்.ஈ.டி.யைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். 1240ஐ நனோமீற்றர் அலைநீளத்தால் வகுத்தால் போட்டோனின், அதாவது ஒளித் துணிக்கையின், சக்தி இலத்திரன் வோல்ட்டில் (ஓர் இலத்திரன் 1 வோல்ட்டில் பெறும் சக்தியே இந்த அலகு) கிடைக்கும். 470 நனோமீற்றர் நீலத்துக்கு 2.64, 525 நனோமீற்றர்ப் பச்சைக்கு 2.36. பழையது பெரும்பாலும் கல்லியம் பொசுபைட்டாலானது. அது 565 நனோமீற்றரை ஒட்டிய மஞ்சட்பச்சை ஒளியைத் தரும். அதன் போட்டோன் சக்தி 2.2 என்பதால் உங்கள் அளவீடு அச்சொட்டாகப் பொருந்துகிறது. ஆனால் அப்பொருளில் இலத்திரனும் துளையும் (இலத்திரன் இல்லாத வெற்றிடம், நேர் மின்னேற்றம் போல நடப்பது) நேரடியாகச் சேர்ந்து ஒளி தர இயலாது. நைதரசன் மாசு சேர்த்து ஓரளவு இணங்க வைத்தார்கள், அப்படியும் வினைத்திறன் நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. ஆகவேதான் அது மங்கலாக எரிகிறது.

புதிய பச்சை, நீலத்தைப் போலவே இந்தியம் கல்லியம் நைத்திரைட்டாலானது. ஒளி பிறக்கும் இடம் சுமார் 3 நனோமீற்றர் தடிப்புள்ள குவாண்டம் கிணறுகள், அதாவது இலத்திரனையும் துளையையும் பிடித்துவைக்கும் மெல்லிய படலங்கள்; அவற்றுக்கிடையே 3.4 இலத்திரன் வோல்ட் சக்தி இடைவெளியுள்ள (பிணைப்பிலுள்ள இலத்திரனை விடுவிக்க அவ்வளவு சக்தி தேவைப்படும்) கல்லியம் நைத்திரைட்டுத் தடுப்புகள். பச்சைக்கு இந்தியம் கூடுதலாகச் சேர்ப்பதால் கிணறு ஆழமாகிறது, தடுப்போ அதே உயரத்தில் நிற்கிறது. எல்லைத் தளங்களில் தேங்கும் மின்னேற்றமும் சேர்ந்து, இலத்திரனும் துளையும் தடுப்பைத் தாண்டி ஏறுவதை இன்னும் கடினமாக்குகிறது. 3.0 வோல்ட் கொடுத்து 2.36 இலத்திரன் வோல்ட் போட்டோனைப் பெறுகிறோம் என்றால், ஒளி பிறக்கும் முன்பே ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாகிவிட்டது என்று பொருள்.

கேள்வி (தலவாக்கலை, விஞ்ஞான ஆசிரியர்): பச்சை மட்டும் பின்தங்கியமைக்கு அடிப்படைக் காரணம் என்ன? அதைச் சீராக்க ஆய்வாளர்கள் எடுக்கும் வழிகள் யாவை?

பதில்: நிறமாலையின் இரு கரைகளிலும் நல்ல பொருள்கள் உண்டு. சிவப்பில் அலுமினியம் கல்லியம் இந்தியம் பொசுபைட்டு, நீலத்தில் இந்தியம் கல்லியம் நைத்திரைட்டு. முதலாவதில் அலுமினியத்தைக் கூட்டிப் பச்சை நோக்கி வந்தால், ஒளி தரும் நேரடி இயல்பே போய்விடுகிறது; எனவே அந்தப் பாதை மஞ்சளோடு முடிகிறது. இரண்டாவதில் இந்தியத்தைக் கூட்ட வேண்டும். நீலத்துக்கு ஏறத்தாழ 15 சதவீதம் போதும், பச்சைக்கு 25 சதவீதத்தை நெருங்கவோ தாண்டவோ வேண்டும். இந்த இடைப்பட்ட வீழ்ச்சியைத்தான் துறைசார்ந்தோர் பச்சை இடைவெளி என்கிறார்கள்.

இந்தியத்தைக் கூட்டுவதில் என்ன சிரமம் என்று கேட்பீர்கள். கல்லியம் நைத்திரைட்டுப் பளிங்கு 1000 பாகை செல்சியசுக்கு மேல்தான் நன்றாக வளரும். அந்தச் சூட்டில், தேயிலையை உலர்த்தும்போது வெப்பம் மிஞ்சினால் மணம் பறந்துவிடுவதைப் போல, இந்தியம் படலத்தை விட்டுப் போய்விடுகிறது. அதைத் தக்கவைக்க 700 பாகையை ஒட்டி இறங்கினால், பளிங்குக்கு நைதரசனைத் தரும் அமோனியா சரியாகப் பிரிகையடையாமல் பளிங்கில் குறைபாடுகள் மலிகின்றன. இலத்திரனும் துளையும் அக்குறைபாடுகளில் விழுந்து, ஒளியின்றி வெப்பமாக முடிகின்றன. போதாக்குறைக்கு இந்தியம் நைத்திரைட்டின் அணு இடைவெளி கல்லியம் நைத்திரைட்டை விட ஏறத்தாழ 11 சதவீதம் பெரியது. ஆதலால் கிணறு நெருக்கப்பட்ட நிலையிலேயே வளர்கிறது. அறுகோணப் பளிங்கில் இந்த நெருக்கம் வலிமையான மின்புலத்தை உண்டாக்கும். அப்புலம் இலத்திரனைக் கிணற்றின் ஒரு சுவருக்கும் துளையை மறு சுவருக்கும் இழுத்துப் பிரிப்பதால், இரண்டும் சந்திப்பதே அரிதாகிறது.

இந்த மின்புலத்தை மாணவர்களுக்குக் கண்கூடாகவே காட்டலாம். 5 வோல்ட் வழங்கலில் ஒரே பச்சை எல்.ஈ.டி.யை முதலில் 10 கிலோ ஓம் தடையியூடாகவும் பின்னர் 220 ஓம் தடையியூடாகவும் எரித்து, இருட்டறையில் கூர்ந்து நோக்கச் சொல்லுங்கள். ஓட்டம் குறைந்தபோது சற்று மஞ்சள் சாய்ந்த பச்சை தெரியும். ஓட்டம் கூடியதும் அது நீலப் பக்கம் நகரும். கிணற்றில் நிறையும் மின்னேற்றங்கள் உட்புலத்தை மறைப்பதே இதற்குக் காரணம்.

ஓட்டத்தைக் கூட்டும்போது இன்னொரு இழப்பும் தலைதூக்குகிறது. இலத்திரனும் துளையும் சேரும்போது வெளிப்படும் சக்தி ஒளியாகாமல் அருகிலுள்ள மூன்றாவது துணிக்கைக்குப் போய்விடும் ஓஜே நிகழ்வு, மின்னேற்றச் செறிவின் மும்மடிக்கு ஏற்பப் பெருகுவது. நைத்திரைட்டு எல்.ஈ.டி.களில் அத்தகைய இலத்திரன்களை கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவிலும் பிரான்சின் எகோல் பொலிடெக்னிக்கிலும் பணியாற்றிய ஆய்வாளர்கள் 2013இல் நேரடியாக அளந்து காட்டினர். பச்சையில் மின்னேற்றங்கள் மெதுவாகவே சேர்வதால் ஒரே ஓட்டத்தில் அவை கூடுதலாகக் குவிகின்றன. ஆகவே வினைத்திறனின் சரிவும் முந்திவிடுகிறது. சோடனை செய்யும் அன்பருக்கும் இது பயன்படும்: 20 மில்லிஅம்பியர் தாங்கும் பச்சை எல்.ஈ.டி.யை 5 அல்லது 10 மில்லிஅம்பியரில் எரித்தால் ஒளி குறையும், ஆனால் செலவழித்த மின்சாரத்துக்குக் கிடைக்கும் ஒளி கூடும்.

சீராக்கும் வழிகளும் இக்காரணங்களையே பின்தொடர்கின்றன. பளிங்கை வேறு தளத்தில், அதாவது மின்புலம் குறைந்த சாய்தளத்திலோ அது முற்றாக இல்லாத தளத்திலோ, வளர்ப்பது ஒரு வழி. கொள்கையளவில் அழகானது, ஆனால் அத்தகைய அடித்தளத் தட்டுகளின் விலை தொழிற்சாலைகளை அண்ட விடவில்லை. அறுகோணத்துக்குப் பதிலாகக் கனவடிவப் பளிங்கை வளர்ப்பது மற்றொன்று. அதில் உட்புலம் இல்லை. சக்தி இடைவெளியும் 0.2 இலத்திரன் வோல்ட் அளவு குறைவாதலால் குறைந்த இந்தியமே போதும். கேம்பிரிட்ஜிலும் இலினோயிஸ் பல்கலைக்கழகத்திலும் இதில் முனைப்பாக உழைக்கிறார்கள். கனவடிவம் வளரும்போதே அறுகோணமாகத் திரும்பிவிட முயல்வதுதான் அவர்களுடைய தலையிடி.

எனக்கு மிகவும் பிடித்தது, குறையையே கருவியாக்கிய வழி. பளிங்கில் அணு வரிசை பிறழ்ந்து ஓடும் குறைபாட்டுக் கோடுகளைச் சுற்றி இயல்பாகவே தோன்றும் கூம்புக் குழிகளின் பக்கச் சுவர்கள் வழியாகத் துளைகளைக் கிணறுகளுக்குள் செலுத்தினால், ஆழத்திலுள்ள கிணறுகளும் வேலை செய்கின்றன. மாணவி கவனித்த மிகை வோல்ட்டும் குறைகின்றது. சீனாவின் நான்சாங் பல்கலைக்கழகத்தார் சிலிக்கன் தட்டில் இவ்வாறு வளர்த்துப் பச்சையிலும் மஞ்சளிலும் நல்ல பேறு கண்டுள்ளனர்.

பிறந்த ஒளியை வெளியே எடுப்பதும் ஒரு பாடுதான். கல்லியம் நைத்திரைட்டின் முறிவுச் சுட்டி 2.4 அளவு என்பதால் பெரும்பகுதி ஒளி முழுவுட்டெறிப்பில், அதாவது மேற்பரப்பில் பட்டு உள்ளேயே திரும்பத் தெறிப்பதில், சிக்கும். நீலக்கல் அடித்தளத்தில் நுண்மேடுகள் அமைத்தும் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியும் அதை மீட்கிறார்கள். இது நீலத்துக்கும் பொதுவான வைத்தியமாகையால் பச்சை இடைவெளியை இதனால் அடைக்க இயலாது.

கேள்வி (பதுளை): வெள்ளை எல்.ஈ.டி. குமிழ்களே மலிவாகக் கிடைக்கும்போது பச்சைக்கு ஏன் இத்தனை பாடு?

பதில்: உங்கள் வெள்ளைக் குமிழினுள் பச்சை எல்.ஈ.டி. இல்லை. நீல எல்.ஈ.டி.யின் மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் நீலத்தின் ஒரு பகுதியை விழுங்கி மஞ்சளாக உமிழ, இரண்டும் கலந்து வெள்ளையாகின்றன. அந்த நீலத்துக்காகவே அக்காசாகி, அமானோ, நாகாமுரா மூவரும் 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு பெற்றனர். 450 நனோமீற்றர் போட்டோன் 560 நனோமீற்றர் போட்டோனாக மாறும்போது ஐந்தில் ஒரு பங்கு சக்தி வெப்பமாகும். ஒளிர்பொருள் எவ்வளவு சிறந்ததாயினும் இதைத் தவிர்க்க முடியாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் நேரடியாகக் கலந்தால் தவிர்க்கலாம், ஆனால் பச்சை அதற்கு இன்னும் தயாராகவில்லை. தற்போதைக்கு நீலத்தின் மேல் பச்சை ஒளிர்பொருள் பூசிப் பச்சை எடுப்பதே பல இடங்களில் இலாபமாக இருக்கிறது. நிறம் தூயதாக இராது என்பதால் திரைகளுக்கு அது அவ்வளவாக உகந்ததன்று.

கேள்வி (நுவரெலியா): எங்கள் குளிர் எல்.ஈ.டி.க்கு நல்லதா?

பதில்: நல்லதே. சூடு ஏற ஏற எல்லா எல்.ஈ.டி.களிலும் ஒளி குறையும். சிவப்பில் அது கூடுதல், பச்சையிலும் நீலத்திலும் குறைவு. வெளியில் கட்டுபவற்றுக்கு உங்கள் ஊரில் எதிரி பனிமூட்டத்து ஈரம். ஒட்டுக் கம்பிகளின் இணைப்பிடங்களை நீர் புகாமல் மூடிவிடுங்கள்.