அன்லிமிடெட் பிளான்தான், ஆனாலும் மாசக் கடைசியில் நெட் படுத்துவிடுகிறது. கூடுதல் பில் வருமா?

மஞ்சக்குப்பத்தில் மாடி வீடுகளை வாடகைக்கு விட்டு, எல்லாருக்கும் ஒரே வைஃபை கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பில் பயம் வேண்டாம். வரம்பு தாண்டினால் எம்பிக்கு இவ்வளவு என்று தீட்டியதெல்லாம் பழைய பிராட்பேண்ட் காலம். இன்றைய வீட்டு ஃபைபர் பிளான்களில் பெரும்பாலும் வேகத்தைத்தான் குறைக்கிறார்கள்.

அன்லிமிடெட் என்று விற்கும் பல பிளான்களுக்கு மாத வரம்பு 3,300 ஜிபி. டிவியைத் திட்டாதீர்கள். எச்டி படம் மணிக்குச் சுமார் 3 ஜிபி. ஒரு டிவி ராப்பகலாக ஓடினாலும் மாதம் சுமார் 2,200 ஜிபிதான். எனக்குச் சந்தேகம், வீட்டில் கண்காணிப்புக் கேமரா இருந்தால், அதன் மேல்தான். 2 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாமல் கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் இருக்கும் சேமிப்பிடத்துக்கு, அனுப்பும் ஒரே கேமரா மாதம் 650 ஜிபி அளவுக்குத் தின்னும். அப்லோடையும் கணக்கில் சேர்க்கும் பிளான் என்றால், ஐந்து கேமராவே வரம்பைத் தொட்டுவிடும். மெமரி கார்டில் பதிவாகும்படி மாற்றிப் பாருங்கள்.

வேகத்தை இஷ்டத்துக்குக் குறைக்கவும் முடியாது: 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016-ல் உத்தரவிட்டது. வரம்பில் 50, 90 சதவீதம் தொட்டதும் எஸ்எம்எஸ் வரவேண்டும். வரவில்லையா? இணைப்பு எந்த நம்பரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் அது வெளியூரில் இருக்கும் பிள்ளையின் நம்பர்.