காப்பர் பைப் நசுங்காமல் வளைய வேண்டுமா?

கேள்வி: ஏசியை ஹாலிலிருந்து படுக்கையறைக்கு மாற்றுகிறோம். சுவர் மூலையில் திருப்புவதற்காகக் கால் இஞ்ச் காப்பர் பைப்பைக் கையால் வளைத்தபோது உள்பக்கம் மடிந்துவிட்டது. பொருத்த வந்தவர் “கட்டிங் பிளேயர் வைத்து நிமிர்த்திவிட்டால் போதும்” என்கிறார். போதுமா? மீதிப் பைப்பை மடியாமல் எப்படி வளைப்பது?
– வாசகர், மதுரை

போதாது, அந்த இடத்தை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். இந்தப் பைப்பின் சுவர் முக்கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் கனம், மடிந்த கோட்டில் அது ஏற்கெனவே துவண்டுவிட்டது. பிளேயரால் அழுத்தினால் பார்க்க உருண்டையாகத் தெரியலாம், ஆனால் செம்பு ஒவ்வொரு முறை வளையும்போதும் இறுகிக்கொண்டே போகும் உலோகம், இறுகிய இடத்தில் திரும்ப அசைத்தால் மயிரிழை விரிசல் விடும். ஆர்32 கேஸ் உள்ள ஏசி ஓடாமல் சும்மா இருந்தாலே, 30 டிகிரி சூட்டில் உள்ளே 18 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும், கசிய அந்த விரிசல் தாராளம். கசியாவிட்டாலும் ஓட்டம் தடைபட்டுக் குளிர்ச்சி குறையும். அதனால் பைப் கட்டரால் அந்தத் துண்டை எடுத்துவிட்டுப் பற்றவைத்து இணைப்பதுதான் சரி, அதுவும் லைனில் கேஸ் துளியும் இல்லாதபோது, தெரிந்தவர் கையால்.

இனி வளைக்கிற விஷயம். பைப் வளையும்போது வெளிப்பக்கச் சுவர் இழுபடுகிறது, உள்பக்கச் சுவர் நெருக்கப்படுகிறது, இரண்டுக்கும் நடுவே தாங்க எதுவும் இல்லாததால் குழாய் முதலில் முட்டை வடிவமாகி அப்புறம் பட்டென்று மடிகிறது. அந்தச் சுவரைப் பக்கவாட்டில் விரியவிடாமல் பிடித்துக்கொண்டால் மடியாது. அதற்குத்தான் பைப்பின் மேல் மாட்டும் ஸ்பிரிங். ஏசி சாமான் விற்கும் கடைகளில் கால் இஞ்ச், எட்டில் மூணு (3/8) இஞ்ச், அரை இஞ்ச் என்று அளவு வாரியாகக் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. பைப் அளவுக்குச் சரியாகப் பொருந்துவதை வாங்குங்கள், தொளதொளவென்று இருந்தால் பயனே இல்லை. நுனியை ஃப்ளேர் செய்வதற்கு, அதாவது புனல் மாதிரி விரிப்பதற்கு முன்பே ஸ்பிரிங்கை மாட்டி, வளைவு வரவேண்டிய இடம் ஸ்பிரிங்கின் நடுவில் இருக்குமாறு நகர்த்தி, இரண்டு கட்டைவிரலையும் உள்பக்கம் வைத்துக்கொண்டு, ஒரே இடத்தில் அழுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக விரலை நகர்த்தி நகர்த்தி வளையுங்கள். வேண்டிய கோணத்தைவிடத் துளி கூடுதலாக வளைத்துவிட்டு லேசாகத் திருப்பினால் ஸ்பிரிங் இளகும், அதை அகலும் பக்கமாக முறுக்கிக்கொண்டே உருவிவிடலாம்.

ஸ்பிரிங் இல்லாமல் வெறும் கையால்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் வளைவைப் பெரிதாக விடுங்கள். கால் இஞ்ச் பைப்புக்கு ஒன்றரை இஞ்ச் ஆரம், அதாவது விட்டத்தைப் போல ஆறு மடங்கு இருந்தால் பயமில்லை, அரை இஞ்சுக்கு மூணு இஞ்ச். சுவர் ஓரத்தில் வைத்து அழுத்தவே கூடாது, பெரும்பாலான பைப் மடிவது அங்கேதான். மூலையை ஒட்டியே திரும்ப வேண்டும் என்றால் கைப்பிடியால் நெம்பி வளைக்கும் லீவர் பெண்டர்தான் வழி, ஒரு நாளைக்கு யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று, சுருளை ஓரத்திலிருந்து கயிறு மாதிரி இழுக்காதீர்கள். தரையில் நிற்க வைத்து, நுனியைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உருட்டிக்கொண்டே போனால் நேராக விரியும். மேலே நுரை உறை மாட்டிய பைப் என்றால் வளைத்த இடத்தைத் தடவிப் பாருங்கள், மடிப்பு உறைக்குள் மறைந்துகொள்ளும்.

கேள்வி: மணல் நிரப்பி வளைக்கலாம், நெருப்பில் காட்டினால் இளகும் என்கிறார்களே?
– வாசகி, தஞ்சாவூர்

இரண்டும் உண்மைதான், ஆனால் ஏசி பைப்புக்கு இரண்டும் வேண்டாம். ஒரு மணல் துகள் உள்ளே தங்கினாலும் கம்ப்ரஸருக்கு ஆபத்து, வெறும் காற்றில் சூடாக்கினால் உட்சுவரில் கறுப்புப் பொருக்கு படிந்து அதுவும் உதிரும்.

அலங்கார வேலைக்கோ தண்ணீர்ச் சுருளுக்கோ என்றால் தாராளமாகச் செய்யுங்கள். நேர் கம்பாக விற்கும் பைப் இறுகியது, வளைக்கிற பகுதியை மங்கிய சிவப்பாகும்வரை சூடாக்குங்கள். இரும்பு மாதிரி இல்லை இது, உடனே தண்ணீரில் முக்கினாலும் மெத்தென்றே இருக்கும். ஆறிய பிறகு, சலித்து வறுத்து ஆறவைத்த பொடிமணலை ஒரு பக்கம் அடைத்துவிட்டு ஊற்றி, பைப்பைத் தட்டித் தட்டி இறக்குங்கள், இடைவெளி விட்டால் அங்கேதான் மடியும். மறுபக்கத்தையும் மரக்குச்சியால் இறுக்கி அடைத்து, உருண்டையான கட்டையைச் சுற்றி வளையுங்கள். மணல் உள்ளே இருக்கும்போது மட்டும் சூடு காட்டாதீர்கள், ஈரம் கொஞ்சம் இருந்தாலும் ஆவியாகி அடைப்பைத் தெறிக்கவிடும். மணலுக்குப் பதில் நைஸ் உப்பு போட்டால் வேலை முடிந்ததும் தண்ணீர் விட்டுக் கரைத்துவிடலாம், நீளமான சுருளுக்கு எனக்குப் பிடித்தது இதுதான்.