மூளைக்கே கொலஸ்ட்ரால் வேண்டுமாமே, பிறகு மாத்திரை எதற்கு?

உங்கள் கடிதம் முழுக்கக் கொலஸ்ட்ராலைப் பற்றித்தான். ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: மூன்று வாரத்துக்கு முன்பு இடது கை மரத்து, பேச்சும் குழறி, பத்து நிமிடத்தில் தானாகச் சரியானது, அசதியாக இருக்கும் என்று விட்டுவிட்டீர்கள். மற்றதெல்லாம் பிறகு. முதலில் இது.

அசதியில் ஒரு பக்கக் கையும் பேச்சும் ஒரே நேரத்தில் போகாது. இது மினி ஸ்ட்ரோக் ஆக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயைச் சிறு ரத்தக்கட்டி அடைத்து, நிரந்தரச் சேதம் வருவதற்குள் விலகியிருக்கும். ஒற்றைத் தலைவலி, வலிப்பு போன்றவையும் இப்படிக் காட்டலாம். அது பரிசோதனைக்குப் பிறகு சொல்ல வேண்டியது, வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்வதல்ல. முழு பக்கவாதம் வரும் ஆபத்து முதல் 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம். அதைத் தாண்டிவிட்டீர்கள் என்பதற்காகக் காரணம் போய்விடவில்லை.

நாளைக்கே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மூளைக்கு எம்ஆர்ஐ, கழுத்து ரத்தக்குழாய்களுக்கு டாப்ளர் ஸ்கேன், இசிஜி, ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பார்கள். இதயத் துடிப்பு அவ்வப்போது தாறுமாறாகிறதா என்று தெரிய, ஒரு நாளோ அதற்கு மேலோ உடம்பில் மாட்டும் ஹோல்டர் கருவியும் தேவைப்படலாம். அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம். நீங்களாக ஆஸ்பிரின் தொடங்கவும் வேண்டாம். மூளைக்குள் ஏற்படும் சிறு ரத்தக்கசிவும் இதே அறிகுறியைக் காட்டும். அதில் ஆஸ்பிரின் விழுந்தால் கசிவு கூடும்.

திரும்பவும் முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, பார்வை திடீரென்று மங்கினாலோ, சரியாகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். கடைசியாக எத்தனை மணி வரை நன்றாக இருந்தீர்கள் என்பதைக் கூட இருப்பவர் குறித்துக்கொள்ள வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கு அறிகுறியைக் கவனித்த நேரத்திலிருந்து அல்ல, நன்றாக இருந்த கடைசி நேரத்திலிருந்து ஓடுகிறது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு 74 வயதில் அல்சைமர் வந்தது. "மூளை கொலஸ்ட்ராலால் ஆனது, ஸ்டாட்டின் அதை வற்றவைத்துவிடும்" என்று ஒரு வீடியோவில் கேட்டு, இரண்டு மாதமாக, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்த அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. மாத்திரையை நிறுத்திவிட்டீர்கள். அந்த வீடியோ பாதி உண்மையைச் சொல்லி உங்களை மாட்டிவிட்டிருக்கிறது.

உடல் எடையில் மூளை ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் நாலில் ஒரு பங்கு வரை அங்கே இருக்கிறது. அதில் பெரும்பகுதி நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையில், மின்கம்பிக்கு மேலுள்ள பிளாஸ்டிக் உறைபோல, பொதிந்திருக்கிறது. வீடியோ சொல்லாமல் விட்டது இதுதான்: ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் மூளைக்குள் போவதில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு அதை விடாது. மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்கிறது. மிஞ்சியதைச் சற்று உருமாற்றி ரத்தத்துக்குள் தள்ளிவிடுகிறது. ஆகவே உங்கள் எல்டிஎல் 168-லிருந்து 96-க்கு இறங்கியபோது மூளையின் கையிருப்பிலிருந்து யாரும் எதையும் எடுத்துவிடவில்லை.

சில ஸ்டாட்டின்கள் ஓரளவு மூளைக்குள் நுழையத்தான் செய்கின்றன. 2012-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும், அரிதாகச் சிலருக்கு மறதி, குழப்பம் வந்ததாகப் புகார்கள் உண்டு, மாத்திரையை நிறுத்தினால் அது சரியாகிவிடுகிறது என்ற குறிப்பைச் சேர்க்கச் சொன்னது. இணையத்தில் சுற்றும் பீதிக்கு வேர் இதுதான். ஆனால் ஆயிரக்கணக்கானவர்களில் பாதிப்பேருக்கு ஸ்டாட்டினும் பாதிப்பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து நடந்த பெரிய ஆய்வுகளில் இரு தரப்பின் நினைவாற்றலிலும் வித்தியாசம் தென்படவில்லை. சொல்லப்போனால் 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம், நடுவயதில் எல்டிஎல் கூடுதலாக இருப்பதையே டிமென்ஷியா என்ற மறதி நோய்க்கான, நம்மால் மாற்றக்கூடிய காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. சிறுசிறு அடைப்புகள் சேர்ந்தும் நினைவாற்றலைத் தின்னும். அப்பாவைப் போல் ஆகிவிடுவோமோ என்று பயந்து, அதைத் தடுக்க உதவக்கூடிய மருந்தையே தூக்கிப்போட்டிருக்கிறீர்கள்.

மாத்திரையை நிறுத்திய சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்கே போய்விடும். மினி ஸ்ட்ரோக் உறுதியாகி, கொழுப்புப் படிந்த ரத்தக்குழாய்தான் காரணம் என்றால் இலக்கு 70-க்குக் கீழே. மாத்திரையின் அளவை 40 அல்லது 80 மி.கி.க்கு உயர்த்தக்கூடும். மாத்திரை தொடங்கிய பிறகுதான் மறதி என்று உங்களுக்கு உண்மையாகவே தோன்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூளைக்குள் குறைவாக நுழையும் ரோசுவாஸ்டாட்டினுக்கு மாற்றலாம், அல்லது ஸ்டாட்டின் அளவைக் குறைத்து, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் வேறு வகை மருந்தான எஸெட்டிமைப் சேர்க்கலாம். வழி இருக்கிறது, நீங்களாக நிறுத்துவது மட்டும் வழியல்ல.

பெயர் சட்டென்று வராமல் அரை மணி கழித்து வருவது 52 வயதில் நோயல்ல. மனம் கேட்கவில்லையென்றால் பி12-ம் தைராய்டும் பாருங்கள், தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். மீன் எண்ணெய் மாத்திரை மறதியைத் தடுக்காது, நிறுத்திவிடலாம்.

நீங்கள் தேடிப் படித்த நீமன்-பிக் சி, செரிப்ரோடெண்டினஸ் சாந்தோமடோசிஸ் இரண்டும் மிக அரிய பரம்பரை நோய்கள். முன்னதில் கொலஸ்ட்ரால் செல்லுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. பின்னதில் அதன் திரிந்த வடிவம் மூளையிலும் தசைநாண்களிலும் படிகிறது. சின்ன வயதிலேயே கண்புரை, விடாத வயிற்றுப்போக்கு, குதிகால் தசைநாணில் கட்டி, நடையில் தள்ளாட்டம் என்று வருவது அந்த இரண்டாவது நோய். உங்களுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஏபிஓஇ4 மரபணு இருக்கிறதா என்ற சோதனை இப்போது தேவையில்லை. அது இருந்தும் அல்சைமர் வராதவர்கள் உண்டு, இல்லாமலேயே வந்தவர்களும் உண்டு. முடிவு எதுவானாலும் உங்கள் சிகிச்சை மாறப்போவதில்லை. அந்தப் பணத்தை எம்ஆர்ஐக்கு வையுங்கள்.