பிளக்மெயில்: குடுத்தவனுக்கும் தூக்கா?

"அண்ணா, பிளக்மெயில்ல வாற மெயில் கடிதம்தானே? கறுப்பு மையால எழுதின மிரட்டல் கடிதம் எண்டு டியூஷன் சேர் சொன்னார். இப்பிடிச் சொல்லுகள் இன்னும் கொஞ்சம் லிஸ்ட் போட்டுத் தாங்க. என்ட கூட்டாளி ஒருத்தன் போன்ல இரிந்த படத்தால மாட்டுப்பட்டு, கேட்ட காசக் குடுத்திட்டான். இப்பிடிக் குடுக்கிறவங்களாலதானே இந்தத் தொழில் வளருது?"
வாசகர், களுவாஞ்சிக்குடி

தம்பி,

மட்டக்களப்பு மயிலத்தமடுப் பண்ணையாளர்கள்ட மாட்டுப் பிரச்சினைய வாசிச்சுக்கொண்டு இரிக்கக்குள்ளதான் உன்ட கடிதம் வந்த. லிஸ்ட் எல்லாம் தர ஏலாது, நீயே தேடு. சேர் சொன்னதும் பிழை. தபால் மெயில் பழைய பிரெஞ்சில பையக் குறிச்ச சொல்லு, இது வேற, ஸ்கொட்லாந்துப் பக்கம் மெயில் எண்டா வாடகை, வரி. 16ஆம் நூற்றாண்டில இங்கிலாந்து ஸ்கொட்லாந்து எல்லையில மாடு களவெடுக்கிற கூட்டங்கள் இரிந்த, அவங்களுக்கு இந்த பிளக்மெயிலக் கட்டினா உன்ட மாடு பட்டியில நிக்கும், கட்டாட்டி விடியக்குள்ள பட்டி காலி. கறுப்பு ஏன் எண்டதுக்கு ரெண்டு மூண்டு கத இரிக்கி, வெள்ளிக்காசில கட்டின வாடகைய வெள்ளை எண்டதால இது கறுப்பாம் எண்டும் சொல்லுவாங்க. ரகசியத்தச் சொல்லுவன் எண்டு காசு பறிக்கிற கருத்து 19ஆம் நூற்றாண்டிலதான் வந்து ஒட்டின.

அத விடு. உன்ட கடைசி வரிக்குத்தான் கோவம் வந்த. 1601இல எலிசபெத் ராணிட காலத்தில ஒரு சட்டம் போட்டாங்க, பிளக்மெயில் வாங்கினவனுக்கும் மரண தண்டனை, குடுத்தவனுக்கும் மரண தண்டனை. மாட்டக் காப்பாத்த ஏலாத அரசாங்கம் மாட்டுக்காரன்ட கழுத்துக்குக் கயிறு திரிச்ச. நீயும் அதத்தானே சொல்றாய்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரையில எங்கட மாமாட பட்டி. வேளாண்ம வெட்டு முடிய ஒரு ஆள் வருவான், வாயத் திறந்து ஒண்டும் கேக்கமாட்டான், திண்ணையில குந்தி வெத்தில போடுவான், மாமி உள்ளுக்க போய் ஒரு மூட நெல்லு எடுத்துக் குடுப்பா. ஒரு போகம் மாமா ரோசத்தில குடுக்கல்ல. அந்தக் கிழமையே நாம்பன்கள் காணாமப் போன, தேடித் திரிஞ்சு ஒண்டத்தான் புடிச்ச, அதுட தொடையில எங்கட குடிக்குறி, அதான் எங்கட குடிட மாடெண்டு காட்டச் சுடுற அடையாளம், அதுக்கு மேலயே வேற குறி சுட்டு, புண் காயாம இலையான் மொய்ச்சுக் கிடந்த. முறைப்பாடு குடுக்கப் போனா, குறி வேறயா இரிக்கே, இது உன்ட மாடெண்டு எப்பிடி நம்புற எண்டு கேட்டாங்களாம்! அடுத்த போகம் மாமி ரெண்டு மூட வைச்சா. அவவால களவு வளந்ததெண்டு சொல்லுவியா? வாய் வருமா உனக்கு?

கூட்டாளிக்கிட்ட இந்த நியாயத்தக் கதைக்காத மனே. இன்னும் காசு கேக்கிறாங்களா எண்டு கேளு, கட்டாயம் கேப்பாங்க. மெசேஜ் ஒண்டையும் அழிக்க விடாம ஸ்கிரீன்ஷொட் எடுத்து வை. பொலிசுக்கு அவனத் தனிய அனுப்பாத, நீயும் கூடப் போ.