போர் முடிந்ததும் அமெரிக்கர்களுக்கு அந்தச் செழிப்பு எங்கிருந்து வந்தது?

வாசகர் கேள்வி: குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க மக்கள் செழித்ததற்குக் காரணம் என்ன என்ற கேள்விக்கு ‘ஆயுத உற்பத்தி’ என்று தொடங்கி எழுதுகிறேன். மாதிரித் தேர்வுகளில் ஒவ்வொரு முறையும் மதிப்பெண் குறைகிறது. எங்கே தவறுகிறேன்?

தொடக்கத்திலேயே தவறுகிறீர்கள். ஆயுதத் தொழிற்சாலைகள் போர்க்காலத்தில் வேலை கொடுத்தது உண்மைதான். 1933-இல் நான்கு பேரில் ஒருவருக்கு வேலையில்லாமல் கிடந்த நாட்டில் 1944-இல் வேலையின்மை 1.2 சதவீதமாகச் சரிந்துவிட்டது. ஆனால் உங்களிடம் கேட்பது போருக்கு அப்புறம் நடந்ததை. அப்போது அந்த ஆயுத ஆர்டர்கள் ரத்தாகிவிட்டன; 1945-இல் சுமார் 9,300 கோடி டாலராக இருந்த மத்திய அரசின் செலவு 1948-இல் சுமார் 3,000 கோடிக்கு இறங்கிவிட்டது, கூடவே படையில் இருந்த 1.2 கோடிப் பேரில் பெரும்பாலோர் வேலை தேடி ஊர் திரும்பினார்கள். நியாயமாக 1930-களில் வந்ததைப் போல இன்னொரு பெருமந்தம், அதாவது பெரும் பொருளாதாரச் சரிவு, வந்திருக்க வேண்டும், பொருளாதார அறிஞர்கள் பலர் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அது ஏன் வரவில்லை? உங்கள் விடை இந்த இடத்திலிருந்து தொடங்கட்டும்.

மக்களின் கையில் பணம் இருந்தது என்பது முதல் காரணம். 1942 பிப்ரவரியோடு பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்; பெட்ரோல், டயர், சர்க்கரை, இறைச்சி எல்லாம் ரேஷன். ஓவர்டைம் சேர்த்துச் சம்பளம் வருகிறது, வாங்கத்தான் பொருள் இல்லை. அதனால் போர் உச்சத்தில் இருந்தபோது வரி போக மிஞ்சிய வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகச் சேமித்தார்கள், 8.5 கோடிப் பேர் போர்ச் செலவுக்காக அரசு விற்ற கடன் பத்திரங்களை வாங்கினார்கள். பெருமந்தத்திலும் போரிலுமாக ஏறத்தாழ 15 வருடம் தள்ளிப்போட்டு வந்த கார், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆசையெல்லாம் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தது. 1945-இல் சுமார் 70,000 கார்கள் செய்த நாடு 1955-இல் ஏறக்குறைய 80 லட்சம் செய்தது. நடுவில் வலியும் இருந்தது: 1946-இல் பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்தன, விலைக் கட்டுப்பாட்டை எடுத்ததும் 1947-இல் விலைவாசி 14 சதவீதம் ஏறியது.

சேமிப்பு சில வருடங்களில் கரைந்துவிடும். செழிப்பு அதற்கப்புறமும் நீடித்ததற்கு ஜி.ஐ. பில் என்று எல்லோரும் அழைக்கும், போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கான 1944 ஜூன் 22-ஆம் தேதிச் சட்டம் முக்கியக் காரணம் என்பது என் கருத்து, உங்கள் விடையில் இதற்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும். முதல் உலகப் போர் முடிந்தபோது வீரர்களுக்கு 60 டாலரும் ரயில் டிக்கெட்டும் கொடுத்து அனுப்பினார்கள். 1920-21-இல் கடும் மந்தம் வந்தது. 1932-இல் அதே வீரர்கள் தங்களுக்குச் சேர வேண்டிய போனஸைக் கேட்டு வாஷிங்டனில் முகாமிட்டபோது ராணுவமே கண்ணீர்ப்புகை வீசி அவர்களை விரட்டியது. அதே நாடு, அதுவும் போரில் வென்ற நாடு. போர் என்றாலே செழிப்பு வரும் என்று எழுதுபவர்கள் இந்த ஒப்பீட்டைக் கவனிப்பதில்லை. அதிபர் ரூஸ்வெல்ட் 1944-இல் கையெழுத்திட்ட ஜி.ஐ. பில், வேலை கிடைக்காதவருக்கு 52 வாரம் வரை வாரத்துக்கு 20 டாலர், படிப்பவருக்கு வருடத்துக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணம், மாதச் செலவுக்குத் தனிப் பணம், வீடு வாங்க அரசு உத்தரவாதத்தோடு கடன் என்று கொடுத்தது. 78 லட்சம் பேர் படிப்போ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள், அவர்களில் 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனவர்கள். எல்லோரும் ஒரே நாளில் வேலைக்கு முட்டி மோதாமல், சில வருடம் கழித்துப் பொறியாளராகவும் ஆசிரியராகவும் வந்து சேர்ந்தார்கள்.

வீட்டுக் கடன் இன்னொரு சக்கரத்தைச் சுழற்றியது. நியூயார்க் அருகே லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களில் 1947-இல் தொடங்கிய லெவிட்டவுன் குடியிருப்பில் நாலைந்து வருடத்தில் 17,000 வீடுகளுக்கு மேல் எழும்பின. வீடு வாங்கியவருக்கு அடுப்பு, கார், சாலை எல்லாம் வேண்டுமே. சொந்த வீட்டில் வாழும் குடும்பங்கள் 1940-இல் 44 சதவீதம், 1960-இல் 62.

சம்பளத்தையும் விட்டுவிடாதீர்கள். 1950-இல் ஜெனரல் மோட்டார்ஸும் வாகனத் தொழிலாளர் சங்கமும் போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் விலைவாசி ஏறினால் சம்பளமும் ஏறும், ஓய்வூதியமும் உண்டு. 1950-களில் தொழிலாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார், அதனால்தான் லாபத்தில் ஒரு பகுதி தொழிலாளியின் வீடு வரை வந்தது.

வெளிநாட்டுக் காரணங்களுக்கு நாலு வரி போதும்: ஐரோப்பாவும் ஜப்பானும் இடிந்து கிடந்தன, அமெரிக்க ஆலைகள் முழுசாக நின்றன, 1944-இல் பிரெட்டன் வுட்ஸில் நாடுகள் கூடிச் செய்த நாணய ஏற்பாட்டில் டாலர் மையமானது, ஐரோப்பாவை மீட்க அமெரிக்கா கொடுத்த சுமார் 1,300 கோடி டாலர் மார்ஷல் திட்டப் பணத்தில் பெரும்பகுதி அமெரிக்கப் பொருள் வாங்கவே திரும்பி வந்தது. இதையே முழு விடையாக்க வேண்டாம், ஏற்றுமதி அவர்கள் பொருளாதாரத்தில் சிறிய பங்குதான்.

அப்புறம், ‘அமெரிக்கர்கள்’ என்று பொதுவாக எழுதி முடித்துவிடாதீர்கள். லெவிட்டவுனின் ஆரம்ப ஒப்பந்தங்களிலேயே வெள்ளையர் அல்லாதோர் குடியிருக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. 1947-இல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் முன்னாள் வீரர்களுக்குக் கிடைத்த 3,000-க்கும் மேற்பட்ட உத்தரவாதக் கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை இரண்டே இரண்டு. அவர்களும் அதே போரில் இருந்தவர்கள். இந்த இரண்டு வரியை எழுத இடமில்லை என்றால் மார்ஷல் திட்டத்தில் வெட்டுங்கள்.